கரித்துண்டின் வயதும் பானை ஓட்டின் வயதும்

தமிழ் விக்கிப்பீடியாவில் பழங்கால வரலாற்றுக் கட்டுரைகளை எழுதியும் திருத்தியும் காத்தும் வருகிற தோழமைகளுக்கு,



சென்ற பருவத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் செயல்திட்ட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வைகைக் கரையில் நடந்த அகழாய்வுகளைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவியின் நோட்டில், நீல மையில் எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடிட்ட ஒரு வாக்கியம் கண்ணில் பட்டது. கீழடியில் கிடைத்த தமிழி எழுத்துள்ள பானை ஓடு கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று ஆய்வகம் உறுதிசெய்திருக்கிறது என்பது அந்த வாக்கியம். பக்கத்தின் அடியில் ‘ஆதாரம்: விக்கிப்பீடியா’ என்று எழுதியிருந்தாள்.

சொல்லுக்குச் சொல் அது நான் எழுதிய வாக்கியம். தவறான வாக்கியம். அதை நான் முதலில் சேர்த்த கட்டுரையில் எப்போதோ திருத்திவிட்டோம். ஆனால் அதிலிருந்து படியெடுத்து ஒட்டப்பட்ட வேறொரு கட்டுரையில் அது அப்படியே நின்றிருக்கிறது. அங்கிருந்து அந்தப் பிள்ளையின் நோட்டுக்கு வந்திருக்கிறது. அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இந்த மடலின் விதை அந்த இரவுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். 2019 செப்டம்பரில் தமிழ்நாடு தொல்லியல் துறை, கீழடி நான்காம் கட்ட அகழாய்வின் அறிக்கையை வெளியிட்டது. அந்த வாரம் நம்மில் பலர் இருந்த மனநிலை உங்களுக்கு நினைவிருக்கும். மதுரைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு தென்னந்தோப்பு உலகச் செய்தியாகிவிட்ட வாரம் அது. நான் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாகக் கணினியைத் திறந்து, தொலைக்காட்சியில் கேட்டதை அப்படியே கட்டுரையில் சேர்த்தேன். ஒரு மணி நேரத்தில் அந்த வாக்கியத்தின் வாலில் ‘சான்று தேவை’ என்ற குறிப்பு ஏறியது. நான் ஒரு செய்தி இணைப்பை ஒட்டிவிட்டு அந்தக் குறிப்பை நீக்கினேன். யாழ்ப்பாணத்திலிருந்து பங்களிக்கும் ஒரு பயனர் என் தொகுப்பை மீளமைத்தார். நான் மறுபடியும் சேர்த்தேன். பேச்சுப் பக்கத்தில் சற்றுக் கடுமையாகவே எழுதினேன். தமிழின் தொன்மையை மறைக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். இன்று அதைப் படித்தால் கூச்சமாக இருக்கிறது.

அவர் கோபப்படவில்லை. ‘நீங்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். அறிக்கையில் எத்தனையாம் பக்கம் என்று சொல்லுங்கோ, நானே திரும்பச் சேர்த்துவிடுகிறேன்’ என்று எழுதினார்.

பக்க எண்ணைத் தேடத்தான் அறிக்கையைத் திறந்தேன். அதுவரை நான் அதைப் படித்திருக்கவில்லை.

அறிக்கை சொன்னது இது. கீழடியில் எடுத்த ஆறு கரிம மாதிரிகள் அமெரிக்காவின் மயாமி நகரில் உள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று வந்தது. அதே அகழாய்வில் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துப் பொறித்த 56 பானை ஓடுகள் கிடைத்தன. ஆதன், குவிரன் ஆதன் என்ற பெயர்கள் அவற்றில் உண்டு. மண்ணடுக்குகளையும் அவற்றில் கிடைத்த பொருள்களையும் கரிமக் காலக்கணிப்பையும் சேர்த்துப் பார்த்து, தமிழியின் காலத்தை கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகலாம் என்று துறை முடிவுக்கு வந்தது. அந்த முடிவை ஏற்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள். ஓடுகளுக்கும் அந்த மாதிரிக்கும் உள்ள உறவு இன்னும் தெளிவாக நிறுவப்பட வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆய்வகம் ஓட்டின் வயதைச் சொல்லவே இல்லை. சுட்ட மண்ணின் வயதைக் கதிரியக்கக் கரிமம் சொல்லாது. ஒரு காலத்தில் உயிரோடிருந்து செத்த மரம், நெல், எலும்பு போன்றவற்றின் வயதைத்தான் அது சொல்லும். ஆய்வகம் கரித்துண்டுக்கு வயது சொன்னது. துறை அதை வைத்து அடுக்குக்கு வயது சொன்னது. அடுக்கை வைத்து எழுத்துக்கு வயது சொன்னது. மூன்றும் மூன்று படிகள். நான் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் மடித்து, ‘ஆய்வகம் உறுதிசெய்தது’ என்று முத்திரை குத்திவிட்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் இந்த மடலுக்கு அவசியமில்லை. நான் வாக்கியத்தைத் திருத்துவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. என் வாக்கியம் அதில் எழுத்து மாறாமல் இருந்தது. சில மாதம் கழித்து இன்னொரு பயனர் மிகுந்த நல்லெண்ணத்தோடு, வேறொரு கட்டுரையில் அதே வாக்கியத்தைச் சேர்த்து, அந்த இணைப்பிதழை மேற்கோளாகக் காட்டினார். என் தவறு ஊரைச் சுற்றிவிட்டு, கையில் ஒரு சான்றிதழோடு வீட்டுக்குத் திரும்பி வந்தது. இனி அதைப் பார்க்கிற யாரும் ஐயப்பட மாட்டார்கள். நீலநிறத்தில் மேற்கோள் எண் இருக்கிறதே!

தோழமைகளே, பழங்கால வரலாறு எழுதுகிற நமக்கு வேறு துறைக்காரர்களைவிடக் கூடுதல் பொறுப்பு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஒரு நடிகரின் படப்பட்டியலில் பிழை நேர்ந்தால் அவருடைய ரசிகர் பத்து நிமிடத்தில் வந்து திருத்திவிடுவார். சங்க கால ஊர் ஒன்றின் காலத்தில் பிழை நேர்ந்தால் அதை அறிந்து திருத்தக்கூடியவர் உலகம் முழுக்கத் தேடினால் இருபது பேர் இருப்பார்களா? அவர்கள் நம் பக்கத்துக்கு வருவார்கள் என்பதற்கு என்ன உறுதி? ஆனால் படிக்கிற பிள்ளைகள் தினமும் வருகிறார்கள்.

எனவே முதன்மையாக ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஓர் ஆண்டை எழுதும்போது, அந்த ஆண்டு எந்தப் பொருளுக்கு உரியது என்பதையும் சேர்த்து எழுதுவோம்.

பழனிக்குப் பக்கத்தில் உள்ள பொருந்தலைப் பாருங்கள். பேராசிரியர் கா. ராஜன் அங்கே ஓர் ஈமக்குழியை அகழ்ந்தபோது, நான்கு கால் ஜாடி ஒன்றில் நெல் கிடைத்தது. அந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று வந்தது. பானையைத் தாங்கும், எழுத்துப் பொறித்த பிரிமனை ஒன்றும் அதே குழியில் இருந்தது. இங்கே நெல்லுக்கும் எழுத்துக்கும் உள்ள தொலைவு மிகக் குறைவு. இரண்டும் ஒரே சவக்குழியில் ஒருசேர வைக்கப்பட்டவை. அதனால்தான் பொருந்தல் அவ்வளவு முக்கியமான இடம். ‘பொருந்தல் எழுத்து கி.மு. 490’ என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டால் அந்த முக்கியத்துவமே தொலைந்துபோகிறது. நெல், ஜாடி, பிரிமனை, குழி என்று நான்கு சொற்களைச் சேர்த்தால் படிப்பவருக்கு அந்தக் குழிக்குள் எட்டிப்பார்த்தது போல இருக்கும்.

சிவகளை இன்னொன்று. அங்கே ஒரு முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வெளியான ‘இரும்பின் தொன்மை’ நூல், அதே சிவகளையில் இரும்போடு சேர்ந்து கிடைத்த மாதிரிகளுக்கு கி.மு. மூன்றாம், நான்காம் ஆயிரத்தாண்டுகளைச் சேர்ந்த காலங்களைத் தந்தது. அவற்றில் மிகப் பழையது கி.மு. 3345. இரண்டும் ஒரே ஊர். இரண்டுக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. ‘சிவகளையின் காலம்’ என்று ஒற்றை எண்ணை எழுதினால் எந்தச் சிவகளையைச் சொல்கிறோம்? உமியின் ஆண்டா, கரியின் ஆண்டா? மயிலாடும்பாறையில் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தபோது தமிழ்நாட்டு இரும்புக்கு அதுவே மிகப் பழைய காலமாக இருந்தது. மூன்றே ஆண்டில் அது பின்னுக்குப் போய்விட்டது. ‘2022 வரை கிடைத்த சான்றுகளின்படி’ என்று எழுதியவர்களின் வாக்கியம் இன்றும் உண்மையாக நிற்கிறது. ‘உலகின் மிகப் பழைய’ என்று எழுதியவர்கள் அடிக்கடி ஓடிவந்து திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஆய்வகம் தரும் எண்ணிலும் ஒரு நுட்பம் உண்டு. கரிமக் காலக்கணிப்பு ஒற்றை ஆண்டாக வருவதில்லை. இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டுக்குள் என்று ஒரு வீச்சாகத்தான் வரும். அதிலும் கி.மு. 800-க்கும் 400-க்கும் இடைப்பட்ட காலம் இந்த முறைக்கு ஒரு சோதனை. மரவளையங்களைக் கொண்டு அமைத்த அளவுத்திருத்தக் கோடு அந்த நானூறு ஆண்டுகளில் ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. ஆகவே அந்தக் காலத்து மாதிரி எதுவானாலும் வீச்சு அகலமாகிவிடும். நமக்கு மிகவும் பிடித்த 580, 490 ஆகிய இரண்டு எண்களும் அந்தத் தட்டையான பகுதிக்குள்தான் விழுகின்றன. இதைக் கட்டுரையில் சொல்வதால் கீழடி சிறுத்துப்போகாது. சொல்லாமல் விட்டு, பிறகு வேறொருவர் சொல்லிக் கேட்டால்தான் நம் பிள்ளைகள் ஏமாந்ததாக உணர்வார்கள்.

நாம் ஏன் இப்படி முந்திக்கொள்கிறோம் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அதன்பின் முறையான அகழாய்வு மறுபடியும் நடக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆனது. 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியதன் முழு அறிக்கைக்காக மீண்டும் பல ஆண்டுகள் காத்திருந்தோம். கீழடியில் முதல் இரண்டு கட்டங்களை நடத்திய அமர்நாத் இராமகிருஷ்ணா 2017-இல் அசாமுக்கு மாற்றப்பட்டார். 2023 ஜனவரியில் அவர் கொடுத்த 982 பக்க அறிக்கை, திருத்தங்கள் கேட்டு 2025 மே மாதம் அவரிடமே திருப்பி அனுப்பப்பட்டது. தம் முடிவுகள் சான்றுகளின் அடிப்படையிலானவை என்று அவர் பதில் எழுதினார். காத்திருந்து காத்திருந்து வலித்தவர்கள் நாம். அந்த வலி வாக்கியத்துக்குள் நுழைந்துவிடுகிறது.

அந்த வலியையும் எழுதலாம். மேலே சொன்னவை எல்லாம் தேதியோடு பதிவான செய்திகள். எந்த நாளில் யார் என்ன செய்தார், யார் என்ன பதில் சொன்னார் என்று வரிசையாக எழுதினாலே படிப்பவர் புரிந்துகொள்வார். நாம் பக்கத்தில் நின்று பெருமூச்சு விட வேண்டியதில்லை.

அடுத்தது, அறிஞர்கள் ஒத்துப்போகாத இடங்கள். பழங்கால வரலாற்றில் பாதி அப்படித்தான் இருக்கிறது. புவனேசுவரத்துக்கு அருகே உதயகிரிக் குன்றில் கலிங்க மன்னன் காரவேலன் வெட்டிவைத்த அத்திகும்பா கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் நாடுகளின் கூட்டணியைத் தான் உடைத்ததாக அவன் சொல்கிறான். அந்தக் கூட்டணி எத்தனை ஆண்டு பழையது? 113 ஆண்டு என்று படிப்பவர்களும் உண்டு, 1300 ஆண்டு என்று படிப்பவர்களும் உண்டு. பிராகிருதத் தொடர் ஒன்றை எப்படிப் பிரிக்கிறோம் என்பதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் தொங்குகின்றன. நம் கட்டுரைகளில் சிலர் 1300-ஐ மட்டும் எழுதுவார்கள், சிலர் வந்து 113-ஐ மட்டும் எழுதுவார்கள். இரண்டையும் எழுதி, கல்லில் உள்ள தொடரையும் அது ஏன் இருவிதமாகப் படிக்கப்படுகிறது என்பதையும் விளக்கினால், கல்வெட்டியல் என்றால் என்ன என்று ஒரு மாணவர் அந்த ஒரு பத்தியிலேயே கற்றுக்கொள்வார்.

கயவாகு காலக்கணிப்பும் அப்படியே. சேரன் செங்குட்டுவன் பத்தினிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை வேந்தன் கயவாகு வந்திருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. மகாவம்சத்தில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக்குரிய கசபாகு மன்னன் ஒருவன் இருக்கிறான். இரண்டையும் முடிச்சுப்போட்டுத்தான் சங்க காலத்துக்கே ஆண்டு குறித்தார்கள். வி. கனகசபைப் பிள்ளை 1904-இல் வெளியிட்ட நூல் இந்தக் கணிப்பைப் பரவலாக்கியது. பத்தினி விழாவுக்கு வந்ததை மகாவம்சம் சொல்லவில்லை என்பதையும், காப்பியத்தை வரலாறாக எடுக்கலாமா என்று கேட்பவர்கள் இருப்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்று காட்டிவிட்டால், அது இறுக்கமா தளர்வா என்பதைப் படிப்பவர் இழுத்துப் பார்த்துக்கொள்வார்.

குமரிக்கண்டம் பற்றிய கட்டுரையைத் தொட எல்லோருக்கும் தயக்கம். அதை நீக்கவும் வேண்டாம், நிலப்படம் வரைந்து நிறுவவும் வேண்டாம். கடல்கொண்ட நிலம் பற்றி இறையனார் களவியல் உரையும் அடியார்க்கு நல்லாரும் சொல்வது நம் இலக்கிய மரபு. லெமூரியா என்பது 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்பட்ட விலங்குகளின் ஒற்றுமையை விளக்க முன்வைத்த கருதுகோள். கண்டப்பெயர்ச்சி விளங்கிய பிறகு அறிவியலுக்கு அது தேவைப்படவில்லை. இந்த இரண்டு ஓடைகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து எப்படிக் கலந்தன என்பதே தனியாகச் சுவையான வரலாறு. அதை எழுதினால் யாருடைய மனமும் புண்பட வேண்டியதில்லை.

பெயர்ச் சண்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழியா, தமிழ்ப் பிராமியா? கி.மு.வா, பொ.ஊ.மு.வா? கிரந்த எழுத்து வரலாமா? இவற்றில் எனக்கும் கருத்து உண்டு. ஆனால் இந்த விவாதங்களில் நாம் செலவிட்ட இரவுகளை எண்ணிப் பார்க்கிறேன். வழிமாற்று என்ற வசதி நமக்கு இருக்கிறது. எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே கட்டுரைக்கு வந்து சேரலாம். தலைப்பில் ஒன்றை வைத்து, முதல் வாக்கியத்தில் மற்றவற்றையும் சொல்லிவிட்டு, அந்த இரவுகளை மதுரைக்கு அருகே உள்ள மாங்குளத்துக்குக் கொடுப்போம். 1882-இல் ராபர்ட் சிவெல் அங்குள்ள குகை எழுத்துகளைக் கண்டார். இத்தகைய குகை எழுத்துகளின் மொழி தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துக்காட்டும்வரை நாற்பது ஆண்டுகள் அவை பிடிபடாமலே இருந்தன. இப்படி ஒவ்வொரு குகைக்கும் ஒரு கதை இருக்கிறது. அவற்றில் எத்தனை இன்னும் நம்மிடம் மூன்று வரிக் குறுங்கட்டுரையாகவே கிடக்கின்றன!

சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது ஆங்கிலக் கட்டுரையை எந்திரத்தில் போட்டு எடுத்து அப்படியே ஏற்றுகிற வழக்கம் பெருகிவருகிறது. நடுகல் ‘நாயகன் கல்’ ஆகிறது. உறைகிணறு ‘வளையக் கிணறு’ ஆகிறது. சமண முனிவர்களின் கற்படுக்கை வெறும் ‘பாறைப் படுக்கை’ ஆகிறது. தக்களி, தாழி, கல்திட்டை, கற்பதுக்கை, பிரிமனை ஆகிய சொற்கள் ஒவ்வொன்றாக விழுந்துபோகின்றன. பழம்பொருள்களின் பெயர்கள் நம் வீட்டிலேயே இருக்கும்போது கடன்வாங்கிய பெயரில் அவற்றை அழைப்பது பெரிய இழப்பு. எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் இருந்த தமிழி எழுத்தைப் பானை ஒறி என்று ஐராவதம் மகாதேவன் படித்தார். ஒறி என்பது உறி. என் அம்மாச்சி வீட்டு அடுக்களையில் தயிர்ப்பானை தொங்கிய அதே உறி. இந்தச் சொல்லை ‘கயிற்று வலை’ என்று மொழிபெயர்த்து விட்டுவிட்டால், ஈராயிரம் ஆண்டுகளை ஒரே எட்டில் கடக்கிற வாய்ப்பை ஒரு பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகிறோம்.

ஈழத்துத் தோழமைகளுக்கு என் தனி நன்றி. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது அதன் அடித்தளத்தை இட்டவர்களில் முதன்மையானவர் இ. மயூரநாதன், ஈழத்தவர். நூலகம் திட்டம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் பழைய இதழ்களும் நூல்களும் இல்லையென்றால் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டை முத்திரை பற்றியோ கந்தரோடை பற்றியோ இங்கிருக்கும் எங்களால் ஒரு பத்திகூட ஒழுங்காக எழுத முடியாது. பேராசிரியர் கா. இந்திரபாலாவை எனக்கு அறிமுகப்படுத்தியதும் என் தொகுப்பை மீளமைத்த அந்தப் பயனர்தான். இலங்கையில் தமிழர் குடியேற்றம் பற்றி 1965-இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் சொன்னவற்றை, நாற்பது ஆண்டு கழித்து எழுதிய நூலில் இந்திரபாலா தாமே மாற்றிக்கொண்டார். புதிய அகழாய்வுகள் வந்துவிட்டன, பழைய முடிவு நிற்காது என்றார். ஐராவதம் மகாதேவனும் 1966-இல் வெளியிட்ட தம் கல்வெட்டுத் தொகுப்போடு நிற்கவில்லை. 1990களில் முதிய வயதில் மறுபடியும் குன்றுகளில் ஏறி, நேரில் படியெடுத்து, 2003-இல் திருத்திய பெருநூலாகக் கொண்டுவந்தார். அவர்களே திருத்திக்கொண்டார்கள். என் ஒரு வாக்கியத்தைத் திருத்தச் சொன்னதற்கு நான் அவ்வளவு கொதித்திருக்க வேண்டியதில்லை.

புதிதாக வருகிறவர்களிடம் நாம் இன்னும் கனிவாக இருக்க வேண்டும். தன் ஊர்க் கண்மாய்க் கரையில் சாய்ந்து கிடக்கும் நடுகல்லைப் பற்றி ஓர் இளைஞர் முதன்முதலாக ஒரு பத்தி எழுதுகிறார். சான்றில்லை என்று ஐந்து நிமிடத்தில் நீக்கிவிடுகிறோம். விதிப்படி அது சரிதான்; சொந்த ஆய்வுக்கு நம்மிடம் இடமில்லை. ஆனால் அவர் திரும்பி வரமாட்டார். அந்தக் கல்லை நேரில் பார்த்த ஒரே விக்கிப்பீடியர் அவராக இருந்திருக்கலாம். நீக்குவதற்கு முன் அவருடைய பேச்சுப் பக்கத்தில் மூன்று வரி எழுதினால் போதும். கல்லைப் படமெடுத்துப் பொதுவகத்தில் ஏற்றச் சொல்லலாம். பக்கத்து நகரக் கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கோ மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கோ தகவல் கொடுக்கச் சொல்லலாம். தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழ் இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகளைத்தான் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்துவருகிறது. அங்கே வந்துவிட்டால் அவரே அதை மேற்கோள் காட்டித் தம் பத்தியைத் திரும்பச் சேர்க்கலாம். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழி எழுத்துள்ள நடுகற்கள் வெளிவந்ததை நினைத்துப் பாருங்கள். இன்னும் எந்த ஊரில் எந்தக் கல்லில் துணி துவைக்கிறார்களோ!

நமக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர்களை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப் பிள்ளை 1902-இல் ‘அபிதான கோச’த்தைக் கொண்டுவந்தார். ஆ. சிங்காரவேலு முதலியார் ஏறத்தாழத் தனியாளாக உழைத்து முடித்த ‘அபிதான சிந்தாமணி’யை 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. விடுதலைக்குப் பின் தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை 1954 முதல் 1968 வரை வெளியிட்டு முடித்தது. அச்சேறிய பிறகு ஒரு பிழை தெரிந்தால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? மறுபதிப்பு வரும்வரை மனத்துக்குள் வைத்திருந்திருப்பார்கள். நமக்கு அந்தத் தண்டனை இல்லை. இன்று தெரிந்த பிழையை இன்றிரவே திருத்தலாம். அவர்களுக்குக் கிடைக்காத இந்த வரத்தை, எப்படியும் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற அசட்டைக்குப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதே என் கவலை.

ஆகவே சில வேண்டுகோள்கள். செய்தி வெளியான அன்றே எழுதத் துடிக்கும் கையை இரண்டு நாள் அடக்குவோம். அறிக்கை கிடைத்ததும் அதைப் படித்து, பக்க எண்ணோடு எழுதுவோம். செய்தித்தாளை மேற்கோள் காட்டும் முன், அது நம்மிடமிருந்தே எடுத்ததா என்று கட்டுரையின் வரலாற்றைத் திறந்து தேதி பார்ப்போம். ஒரு பிழையைத் திருத்தினால், அதே வாக்கியம் வேறு எந்தக் கட்டுரையிலெல்லாம் ஒட்டப்பட்டிருக்கிறது என்று தேடி அங்கும் திருத்துவோம். நான் செய்யத் தவறியது அதைத்தான். எவரையாவது மீளமைத்தால் காரணத்தை இரண்டு வரியில் எழுதுவோம். அந்த யாழ்ப்பாணத்துப் பயனர் எனக்கு எழுதியது போல, ‘நீங்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம்’ என்று தொடங்க முடிந்தால் இன்னும் நல்லது.

அந்தச் செயல்திட்ட நோட்டுக்கு என்ன ஆனது என்று சொல்லி முடிக்கிறேன். மறுநாள் அந்த மாணவியைக் கணினி அறைக்கு அழைத்துப் போனேன். அவள் எடுத்த கட்டுரையைத் திறந்து, ‘வரலாற்றைக் காட்டவும்’ என்ற தாவலை அழுத்தினேன். யார் எப்போது எதைச் சேர்த்தார்கள் என்ற நீண்ட பட்டியலைப் பார்த்து வியந்தாள். அந்த வாக்கியம் முதலில் பிறந்த கட்டுரைக்கும் போனோம். ‘இது யாரு டீச்சர்?’ என்று ஒரு பயனர் பெயரைக் காட்டிக் கேட்டாள். நான்தான் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள்.

பிறகு அறிக்கையின் அந்தப் பக்கத்தை இருவரும் சேர்ந்து படித்தோம். ஆறு மாதிரிகள், 353 சென்டிமீட்டர், கரி, ஆய்வகம், ஓடுகள் என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். அவள் விரலால் ஆழத்தை அளப்பதுபோல மேசையில் கோடு போட்டுக்கொண்டே கேட்டாள்:

‘அப்போ அந்தக் கரி கெடச்ச எடத்துக்குப் பக்கத்துலயே ஓடும் இருந்துச்சா டீச்சர்? இல்ல, மேல இருந்துச்சா?’

ஆய்வறிஞர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. நான் எழுதிய பழைய வாக்கியத்தைப் படித்தபோது அவள் அதைக் கேட்கவில்லை. அடிக்கோடு மட்டும் போட்டாள். நாங்கள் இருவரும் சேர்ந்து அந்த வாக்கியத்தை நான்கு வாக்கியங்களாகப் பிரித்து எழுதினோம். தொகுப்புச் சுருக்கத்தில் ‘கரியின் காலமும் ஓட்டின் காலமும் பிரிக்கப்பட்டன’ என்று அவளே தட்டச்சு செய்தாள்.

அடுத்து வரும் பிள்ளையும் அந்தக் கேள்வியைக் கேட்கும்படி எழுதுவோம்.

அன்புடன்,
உங்களில் ஒரு பயனர்,
அரசுப் பள்ளி வரலாற்று ஆசிரியை